அந்தக் காதுகுத்துப் படம்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு பங்குனி மாதத் திங்கட்கிழமை காலை, ராஜபாளையத்தில் எங்கள் பேண்டேஜ் பட்டறையின் வாசலில் நின்றுகொண்டு ஒரு தாயை நான் போனில் வாங்கு வாங்கு என்று வாங்கினேன். உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்த பெண்களுக்கும் கேட்கட்டும் என்றே சத்தமாகப் பேசினேன். நியாயத்தைப் பேசும்போது எதற்கு மெதுவாகப் பேச வேண்டும் என்ற நினைப்பு.

அந்தத் தாயும் எங்கள் பட்டறையில் வேலை செய்தவள்தான். ஆஸ்பத்திரிகளுக்குப் போகும் காஸ் துணியை அளவாக மடித்து அடுக்குகிற வேலை. சொந்த ஊர் கூமாப்பட்டி. கணவர் லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். பையன் ஒன்று, அவனுக்கு இளையவளாகப் பெண் ஒன்று. பள்ளிக்கூடம் விட்டால் அந்தப் பெண் நேராகப் பட்டறைக்கு வந்துவிடுவாள். வெட்டி விழுந்த துணித் துண்டுகளை எடுத்து என் கையில் சுற்றிக் கட்டுப் போட்டுவிட்டு, "ஆடக் கூடாது, ஆடுனா ஊசி" என்பாள். என்னைப் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவாள்.

அந்தக் குழந்தைக்கு ஐந்து வயதில் ரத்தப் புற்றுநோய் வந்தது. மதுரையில் அரசு ஆஸ்பத்திரியில் காப்பீட்டு அட்டையில் வைத்தியம் நடந்தது. முடி கொட்டி, திரும்ப முளைத்து, ஒரு வருடம் போல நன்றாக இருந்தாள். பள்ளிக்கூடமும் போனாள். பிறகு நோய் திரும்பிவிட்டது. இந்த முறை மருந்தால் அடக்கிவிட்டு, நோய் அடங்கியிருக்கும்போதே எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை செய்துவிட வேண்டும், தள்ளிப்போடக் கூடாது என்றார்கள். அண்ணன்காரனுடைய மஜ்ஜை பொருந்தியது. சென்னையில் ஒரு ஆஸ்பத்திரியில் இடம் கிடைத்தது. ஓர் அறக்கட்டளை பாதிச் செலவை ஏற்றுக்கொண்டது. மீதிப் பாதியைக் குறிப்பிட்ட தேதிக்குள் குடும்பம் கட்டிவிட வேண்டும், கட்டாவிட்டால் அந்தப் படுக்கை வரிசையில் அடுத்து இருக்கும் குழந்தைக்குப் போய்விடும் என்பது அவர்களுடைய விதி.

அந்த மீதிப் பாதிக்குத்தான் நான் முன்னால் வந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் என்னோடு பிளஸ் டூ படித்த தோழிகளுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. சென்னை, பெங்களூர், அமெரிக்கா என்று எல்லாரும் நல்ல நிலைமையில் இருக்கிறார்கள். குழந்தையின் படத்தைப் போட்டு நான்கு வரி எழுதினேன். மனசார அள்ளிக் கொடுத்தார்கள், அதைக் குறை சொல்ல மாட்டேன். பணம் என் பெயரிலும் சென்னைத் தோழி ஒருத்தி பெயரிலும் சேர்ந்து ஒரு கணக்கில் இருந்தது. நாங்கள் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டால்தான் ஆஸ்பத்திரிக்குப் போகும். அந்த ஏற்பாட்டைச் செய்ததில் எனக்கு அவ்வளவு பெருமை.

பணம் சேர்ந்ததும் சென்னைத் தோழி வந்தாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி, பெரிய டப்பாவில் பால்கோவா வாங்கிக்கொண்டு, நாங்கள் இரண்டு பேரும் குழந்தையின் வீட்டுக்குப் போனோம். குழுவில் போடுவதற்கு ஒரு படம் வேண்டுமல்லவா. குழந்தை முகத்தில் மாஸ்க் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். தலை மறுபடியும் மொட்டை.

"அக்கா, வெளிப் பண்டம் எதுவும் ஆகாதுன்னு டாக்டர் சொல்லிருக்காவக்கா. அதுவும் பால் பண்டம்…" என்று தாய் இழுத்தாள்.

"திங்க வேண்டாம்மா. ஊட்டுற மாதிரி வச்சா போதும், ஒரு போட்டோதான்" என்றாள் என் தோழி.

மாஸ்க்கைக் கழற்றச் சொன்னோம். முகம் தெரியாவிட்டால் யாருக்குக் கொடுத்தோம் என்று கொடுத்தவர்களுக்கு எப்படித் தெரியும்? வாய்க்குப் பக்கத்தில் பால்கோவாவை வைத்துக்கொண்டு என் தோழி சிரித்தாள். குழந்தை சிரிக்கவில்லை. "எனக்கு மிச்சர்தான் புடிக்கும்" என்று சொல்லிவிட்டு மாஸ்க்கைத் தானே மாட்டிக்கொண்டாள். டப்பாவை நாங்களே திரும்ப எடுத்து வந்தோம். காரில் வரும்போது, "கொஞ்சம் திமிர் புடிச்ச பிள்ளையா இருக்காளே" என்று தோழி சொன்னதற்கு நானும் சிரித்தேன்.

மருந்து வேலை செய்தது. நோய் அடங்கியிருக்கிறது, சென்னைக்குக் கிளம்பலாம் என்று மதுரையில் சொல்லிவிட்டார்கள். பணம் கட்டக் கடைசித் தேதிக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. புதன்கிழமை கட்டிவிடலாம் என்று நானும் தோழியும் பேசி வைத்திருந்தோம். அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமைதான் அந்தப் படம் வந்தது.

குழுவில் ஒருத்தியின் சொந்தக்காரர் யாரோ கூமாப்பட்டிப் பக்கம். அவர் வைத்த ஸ்டேட்டஸை அவள் எடுத்து எங்கள் குழுவில் போட்டாள். மலையடிவாரத்தில் ஒரு குலசாமி கோயில். பின்னால் பெரிய பிளக்ஸ் போர்டு: எங்கள் குலவிளக்கின் காதணி விழாவுக்கு வருகை தரும் உறவுகளை வரவேற்கிறோம் என்று, பத்து இளைஞர்களின் முகங்களோடு. முன்னால் தாய்மாமன் மடியில் எங்கள் குழந்தை. பட்டுப் பாவாடை, மொட்டைத் தலையில் சந்தனம், கழுத்தில் மாலை, இரண்டு காதிலும் பளபளவென்று தோடு. மாஸ்க் இல்லை. வாய் நிறையச் சிரிப்பு. அடுத்த படத்தில் இரண்டு கிடா, அண்டா நிறைய கறிக்குழம்பு.

அதற்குக் கீழே அவள் ஒரே ஒரு வரி எழுதியிருந்தாள்: "நம்ம பேஷன்ட் தானே இது?"

அவ்வளவுதான், குழு தீப்பிடித்த மாதிரி ஆகிவிட்டது. நம் பணத்தில் கிடா வெட்டா? தங்கத் தோடு போட வசதி இருக்கிறவர்களுக்கு நாம் எதற்கு? சாகக் கிடக்கிற பிள்ளை இப்படியா சிரிக்கும்? அமெரிக்காவில் இருப்பவள், பிச்சை போடும்போதுகூடப் பாத்திரம் பார்த்துப் போட வேண்டும் என்று குரல் பதிவு அனுப்பினாள். கடைசியில் எல்லாரும் என்னைத்தான் கேட்டார்கள். நீதானே சொன்னாய், நீதானே தெரிந்த குடும்பம் என்றாய்?

எனக்கு அவமானம் தாங்கவில்லை. சேர்த்த பணம் எங்கள் கணக்கில்தான் இருக்கிறது, அதில் ஒரு பைசா இன்னும் வெளியே போகவில்லை என்பது எனக்குத் தெரியும். பிறகு எப்படி அதில் கிடா வெட்டியிருக்க முடியும்? இந்தச் சின்ன விஷயம் அன்றைக்கு என் புத்திக்கு எட்டவே இல்லை. கொடுத்தவர்கள் முன்னால் என் மானம் போய்விட்டது என்பது மட்டும்தான் தெரிந்தது.

மறுநாள் காலையில்தான் அந்த போன்.

"ஏட்டி, ஊர்ல இருக்கிற அம்புட்டுப் பேருகிட்டயும் கையேந்தி நான் பணம் சேத்து வச்சிருக்கேன். நீ அங்க கெடா வெட்டிக் கொண்டாடுதியா?" என்று ஆரம்பித்தேன்.

"அக்கா, அது எங்கண்ணன்…"

"உங்கண்ணனுக்கு அம்புட்டு வசதி இருந்தா அவரையே கட்டச் சொல்லு."

"இல்லக்கா. நேர்ல வந்து சொல்லுதேன்க்கா. இப்பப் பேச முடியாது."

"ஏன் பேச முடியாது? நான் கேக்கறதுக்குப் பதில் இல்ல, அதான?"

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அந்த மௌனத்தை நான் குற்றம் செய்தவளின் மௌனம் என்று முடிவு செய்தேன். எல்லாச் செலவுக்கும் பில் கொண்டு வந்து காட்டினால்தான் கையெழுத்து என்று சொல்லி போனை வைத்தேன். குழுவில், பணத்தை நிறுத்தி வைத்திருக்கிறேன், விசாரித்துவிட்டுச் சொல்கிறேன் என்று எழுதினேன். கைதட்டல் பொம்மைகள் வரிசையாக வந்தன.

அவள் மறுநாளே வந்தாளாம். நான் ஒரு கல்யாணத்துக்காகத் திருநெல்வேலி போயிருந்தேன். வாசலில் செத்த நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போய்விட்டாள் என்று பட்டறையில் சொன்னார்கள். போனும் செய்தாள், மூன்று முறை. கோபம் தணியட்டும் என்று நான் எடுக்கவில்லை. தணிய வேண்டிய கோபம் என்னுடையது, காத்திருக்க வேண்டியது மட்டும் அவள். சென்னை ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டு, கடைசித் தேதி நெருங்குகிறது, கட்டுகிறீர்களா என்று கேட்டபோது, ஒரு சின்ன விசாரணை இருக்கிறது, முடிந்ததும் கட்டுகிறோம் என்று அதிகாரி மாதிரி பதில் சொன்னேன். சரி மேடம் என்று வைத்துவிட்டாள்.

விசாரிக்க நேரில் போகலாம் என்று முடிவெடுத்த எங்களுக்கு நேரம் கிடைக்கப் பத்து நாள் ஆனது. சென்னைத் தோழிக்கு வங்கியில் வருடக் கணக்கு முடிக்கிற சமயம். அவள் வந்த பிறகு காரை எடுத்துக்கொண்டு வத்திராயிருப்பு வழியாகக் கூமாப்பட்டி போனோம். கடைசித் தேதி அதற்கு முன்பே முடிந்துவிட்டது. இரண்டு நாள் பிந்தினால் என்ன, நாம் சொன்னால் கேட்க மாட்டார்களா என்று நினைத்தோம்.

தாய்மாமன் வீடு ஓட்டு வீடு. அவர் தென்னை மரம் ஏறித் தேங்காய் பறிக்கிறவர். நாங்கள் யார் என்று சொன்னதும் தோள் துண்டை எடுத்துவிட்டு, "வாங்கக்கா" என்று நாற்காலி போட்டார். என் தோழி உட்காராமலேயே கேட்டாள், தோடு எத்தனை பவுன் என்று.

அவர் உள்ளே போய் ஒரு சின்ன டப்பாவை எடுத்து வந்து என் உள்ளங்கையில் கவிழ்த்தார். கவரிங் தோடு இரண்டு. காதுக்குள் போகிற தண்டு இரண்டிலும் நறுக்கப்பட்டிருந்தது. ஒவ்வொன்றின் பின்பக்கமும் ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருந்தது.

"காது குத்தவே இல்லக்கா" என்றார். "ஒடம்புல ஒரு ஊசி ஓட்டகூடப் புதுசா விழக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஆசாரிகிட்ட போயி அழுதேன். அவருதான் தண்டை நறுக்கிட்டு, சாமி முன்னாடி ஊசிய எடுத்துக் காட்டிட்டு, பொட்டு மேல வச்சு ஒட்டி விட்டாரு."

"அப்ப அந்தக் கெடா?" என்றாள் தோழி. அவள் குரல் இறங்கிவிட்டது.

"மொதத் தடவ நோவு வந்தப்பவே நேந்து விட்டதுக்கா. சாமி கெடாவ விக்க ஏலுமா? ஊருக்கே தெரியும், எவன் வாங்குவான்? வெட்டித்தான் ஆகணும். போர்டு எங்கூட மரம் ஏறுற பயலுவ வச்சது. பிள்ளையக் கூட்டத்துக்குள்ள கொண்டு போகலக்கா. கண்ணாடிய ஏத்திவிட்டு வேனுக்குள்ளயே வச்சிருந்தோம். குத்துற நேரத்துக்கு மட்டும் இறக்கி, மாஸ்க்கக் கழட்டி, ஒரு போட்டோ எடுத்துட்டு ஏத்திட்டோம். முகம் தெரிஞ்சு ஒரு போட்டோ இருக்கட்டுமேன்னுதான்."

கதவுப் பக்கம் பார்த்துக்கொண்டு குரலைத் தணித்துச் சொன்னார்: "மெட்ராசுக்குப் போனா திரும்பி வருவாளா மாட்டாளான்னு யாரும் சொல்லல. என் மடியில ஒரு தடவ உக்காத்தி வச்சு எடுத்துட்டா, பொறவு எது வந்தாலும் தாங்கிக்கிடலாம்னு நெனச்சேன். தப்புன்னா எம்மேல சொல்லுங்க. எந்தங்கச்சிய ஒண்ணும் சொல்லாதீக."

பிள்ளையோடு அண்ணன் வீட்டிலேயே தங்கியிருந்த தாய் அப்போதுதான் உள்ளேயிருந்து வந்தாள். கண் வீங்கியிருந்தது. ஏன் போனிலேயே சொல்லவில்லை என்று அவளைக் கேட்டேன், அப்போதும் கேட்டேன்.

"பிள்ள பக்கத்துலயே உக்காந்திருந்தாக்கா. எதுக்கு இம்புட்டு அவசரமாக் காது குத்துனோம்னு அவ முன்னாடி எப்படிக்கா சொல்லுவேன்?"

உள்ளே கட்டிலில் குழந்தை இருந்தாள். என்னைப் பார்த்ததும் பக்கத்தில் வரச் சொல்லிச் சைகை காட்டினாள். குனிந்தேன். மாஸ்க்குக்குள்ளிருந்து ரகசியம் போலச் சொன்னாள்: "பெரியம்மா, நெசமாக் குத்தல. பொட்டு வச்சுத்தான் ஒட்டுனாக. யார்ட்டயும் சொல்லிராதீக, ஸ்கூல்ல கேலி பண்ணுவாளுக."

என் தோழி வெளியே போய்க் காரில் உட்கார்ந்துகொண்டாள். திரும்பும் வழியில் வத்திராயிருப்பில் வங்கி முன்னால் நிறுத்தி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். சாயங்காலத்துக்குள் பணம் போய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து அதே பெண்தான் பேசினாள். அந்தப் படுக்கை வேறு குழந்தைக்குக் கொடுத்தாகிவிட்டது மேடம், அடுத்த தேதி ஆறு வாரம் கழித்துத்தான் என்றாள். நான் கெஞ்சினேன். அந்தக் குழந்தையும் காத்திருந்த குழந்தைதானே மேடம் என்றாள்.

ஆறு வாரம் நோய் காத்திருக்கவில்லை. நான்காவது வாரம் காய்ச்சல் வந்தது. ரத்தத்தைப் பார்த்தால் நோய் மறுபடியும் தலைதூக்கியிருந்தது. இந்த நிலைமையில் மாற்று சிகிச்சை செய்ய முடியாது என்றார்கள். ஆனி மாதம் அவள் போய்விட்டாள், மதுரை ஆஸ்பத்திரியில், காலை நேரத்தில், அம்மா துணி மாற்றிவிடும்போது.

அங்கே வைத்தியம் பார்த்த டாக்டரைப் பிறகு ஒருநாள் போய்ப் பார்த்தேன். முதல் தேதியிலேயே போயிருந்தால் பிழைத்திருப்பாளா என்று கேட்டேன். "பிழைச்சிருக்கலாம். பிழைக்காமலும் போயிருக்கலாம். அதை யாராலயும் சொல்ல முடியாதும்மா" என்றார். இல்லை என்று சொல்லியிருந்தால் நிம்மதியாக வீட்டுக்கு வந்திருப்பேன். ஆமாம் என்று திட்டியிருந்தாலும் அழுதிருப்பேன். அவர் இரண்டையும் எனக்குக் கொடுக்கவில்லை.

கூமாப்பட்டியிலிருந்து வந்த அன்றே குழுவில் நடந்ததையெல்லாம் குரல் பதிவாகச் சொல்லியிருந்தேன். தோட்டைப் பற்றி, கிடாவைப் பற்றி, எல்லாவற்றையும். ஏழெட்டுக் கும்பிடு பொம்மைகள் வந்தன. ஒருத்தி, பரவாயில்லை விடுடி, நீ நல்லெண்ணத்தில்தானே செய்தாய் என்றாள். மறுநாள் காலை வழக்கம் போலத் தாமரைப் பூவோடு குட் மார்னிங் வந்தது. அவர்களைச் சொல்லி என்ன? முதலில் பணத்தை நிறுத்தியவள் நான்தானே.

ஆஸ்பத்திரி பணத்தைத் திருப்பி அனுப்பியது. அதை என்ன செய்வது என்று குழுவில் பத்து நாள் வாதம். கடைசியில், ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளின் வைத்தியத்துக்கும் ஆராய்ச்சிக்கும் என்று அந்த அறக்கட்டளைக்கே குழந்தையின் பெயரில் மொத்தமாகக் கொடுத்தோம். நல்ல காரியம்தான். எங்கோ ஒரு பிள்ளைக்கு அது மருந்தாகியிருக்கும். அவர்கள் ஒரு சான்றிதழ் அனுப்பினார்கள். அதைக் குழந்தையின் படத்தோடு சேர்த்து அழகாக ஒரு கார்டு செய்து, இறக்கை, நட்சத்திரமெல்லாம் வைத்துக் குழுவில் போட்டாள் ஒருத்தி.

அவள் எடுத்துப் போட்டிருந்தது அந்தக் காதுகுத்துப் படத்தை. அன்றைக்கு "நம்ம பேஷன்ட் தானே இது?" என்று கேட்டவளும் அவளேதான். பிளக்ஸையும் மாமனையும் வெட்டிவிட்டு, முகத்தை மட்டும் வைத்திருந்தாள். இதில்தான் நன்றாகச் சிரிக்கிறாள் என்று கீழே எழுதியிருந்தாள். உண்மைதான். நாங்கள் நேரில் போய் எடுத்த படத்தில் பால்கோவாதான் தெரிந்தது, குழந்தையின் முகம் சுருங்கியிருந்தது. சாகக் கிடக்கிற பிள்ளை இப்படியா சிரிக்கும் என்று கேட்டவர்களெல்லாம் இப்போது அந்தச் சிரிப்புக்குக் கண்ணீர் பொம்மை போட்டார்கள். தேவதை என்றார்கள்.

குழந்தையின் அம்மா இரண்டு மாதம் கழித்துப் பட்டறைக்கு வேலைக்கு வந்தாள். என்னால் மன்னிப்பை நேராகக் கேட்க முடியவில்லை. டீ கொடுக்கிற சாக்கில் பக்கத்தில் போய் நின்று, நான் அன்றைக்கு அப்படிப் பேசியிருக்கக் கூடாது என்றேன். அவள் துணி மடிப்பதை நிறுத்தவில்லை.

"நீங்க கேட்டது தப்பில்லக்கா. பணம் குடுத்தவுக கேக்கத்தான் செய்வாவ" என்றாள். பிறகு, "நான் போன் போட்டப்ப ஒரு தடவ எடுத்திருக்கலாம்க்கா" என்றாள். அதற்குப் பிறகு இந்தப் பேச்சை அவள் எடுத்ததே இல்லை. இன்றும் எங்களிடம்தான் வேலை பார்க்கிறாள். வெட்டி விழுகிற துணித் துண்டுகளைப் பொறுக்க மட்டும் அவள் குனிவதில்லை, வேறு யாராவது கூட்டி எடுக்கிறார்கள்.

குழுவில் இப்போதும் உதவி கேட்டு ஏதாவது ஒரு குழந்தையின் படம் வருகிறது. நான் பில் கேட்பதில்லை, முடிந்ததை அன்றே அனுப்பிவிடுகிறேன். பார்க்கிறவர்களுக்கு நான் திருந்திவிட்டது போலத் தெரியும். ஆனால் படத்தைத் திறந்ததும் என் கண் முதலில் போவது குழந்தையின் முகத்துக்கு அல்ல, காதுக்கும் கழுத்துக்கும்தான். அவ்வளவு கொடுத்த பிறகும் அந்தப் பார்வையை மட்டும் என்னால் விட முடியவில்லை.